சீனாவின் பழைய கஜானா: வாசகர் கேள்வி – பதில்

1949-க்கு முந்தைய சீனாவின் பணம், வரி, ஆட்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சீன வரலாற்றில் அடிக்கடி ‘இத்தனை லியாங் வெள்ளி’ என்று வருகிறது. லியாங் என்பது ஒரு நாணயமா? ஒரு லியாங்குக்கு 1,000 செப்புக் காசு என்று ஓரிடத்திலும் 2,000 என்று வேறிடத்திலும் படித்தேன். எது சரி?

லியாங் நாணயம் இல்லை, எடை. சீனாவின் கடைசிப் பேரரச வம்சமான சிங் அரசின் கருவூலத் தராசில் ஒரு லியாங் சுமார் 37.3 கிராம். 1890 வாக்கில் குவாங்தோங் நாணயச் சாலை இயந்திரத்தில் வெள்ளி நாணயம் அடிக்கத் தொடங்கும்வரை, அரசு பெரிய அளவில் வெள்ளி நாணயம் வெளியிடவில்லை. பெரிய தொகைகள் கட்டி வெள்ளியாகவே கைமாறின. குளம்பு வடிவத்தில் வார்த்த பெரிய கட்டி ஒன்று ஏறத்தாழ 50 லியாங் இருக்கும். அன்றாடச் செலவுக்கு, நடுவில் சதுரத் துளையிட்ட செப்புக் காசு.

சிக்கல் எங்கே என்றால், ஊருக்கு ஊர் லியாங் வேறு. சுங்கத் துறைக்கு ஒன்று, கருவூலத்துக்கு ஒன்று, ஷாங்ஹாய் வணிகர்களுக்கு ஒன்று. 100 சுங்க லியாங் 111.4 ஷாங்ஹாய் லியாங்குக்குச் சமம். 100 கருவூல லியாங் 109.6-க்குச் சமம். இதில் ஷாங்ஹாய் லியாங் கையால் தொட முடியாதது, கணக்கேட்டில் மட்டுமே இருந்தது. ஒரு கட்டியை அந்தக் கணக்குக்கு மாற்றும் முறை இதுதான்: மதிப்பீட்டு நிலையத்தில் கட்டியை நிறுத்து, தரம் பார்த்து, எடையையும் தரத்துக்கான கூடுதலையும் மையால் கட்டியின் மேலேயே எழுதித் தருவார்கள். எடை 50 லியாங், தரத்துக்கான கூடுதல் 2.70 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் 52.70. அதை 0.98-ஆல் வகுத்தால் 53.78. வணிகரின் கணக்கில் ஏறுவது இந்த 53.78-தான். 1850களின் பிற்பகுதியிலிருந்து 1933 வரை ஷாங்ஹாயின் மொத்த வியாபாரமும் இப்படித்தான் நடந்தது. இடையில் நின்று மாற்றிக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

இனி காசு விகிதம். நீங்கள் படித்த இரண்டும் சரி, ஆண்டுகள்தான் வேறு. 1,000 என்பது அரசு சொன்ன விகிதம். 1830களின் இறுதியில் சந்தையில் அது 1,600-ஐ ஒட்டி வந்தது. 1850 வாக்கில் 2,000-ஐத் தாண்டியது. அபினுக்கு விலையாக வெள்ளி வெளியேறியது ஒரு காரணம். லத்தீன் அமெரிக்க விடுதலைப் போர்களால் அங்கிருந்து வரும் வெள்ளியே குறைந்துபோனது இன்னொரு காரணம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இதில் அடிபட்டவர் விவசாயி. தானியத்தை விற்றால் அவர் கைக்கு வருவது செப்புக் காசு. வரியோ வெள்ளியில் கணக்கிடப்பட்டது. அரசாணைப்படி வரி ஒரு லியாங்கூட ஏறவில்லை. ஆனால் அந்த ஒரு லியாங்கைக் கட்ட 1,000 காசுக்குப் பதில் 2,000 காசுக்குத் தானியம் விற்க வேண்டியிருந்தது. 1840களில் ஊருக்கு ஊர் வெடித்த வரி எதிர்ப்புக் கலவரங்களுக்கும், 1851-இல் மூண்ட தைப்பிங் கிளர்ச்சிக்கு ஆள் சேர்ந்ததற்கும் அபின் போரில் வந்த பிரிட்டிஷ் பீரங்கிகளைவிட இந்த விகிதமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: உலகில் முதலில் காகிதப் பணம் கண்டவர்கள் சீனர்கள். அப்படியிருக்க, பிறகு ஏன் கட்டி வெள்ளிக்குத் திரும்பினார்கள்?

மூன்று அரசுகள் ஒரே தவறைச் செய்ததால்.

தொடக்கம் சிச்சுவானில், சோங் வம்ச காலத்தில். அங்கே புழங்கியது இரும்புக் காசு. ஒரு சுருள் பட்டு வாங்க 20,000 காசு, அதன் எடை சுமார் 130 ஜின் (சீன எடை அளவு), அதாவது ஓர் ஆளின் எடைக்கு மேல். அதனால் செங்டு வணிகர்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். 16 பணக்காரக் குடும்பங்கள் சேர்ந்து இதை நடத்தின. வைப்பாக வந்த காசில் வீடும் சரக்கும் வாங்கிப் போட்டார்கள். கேட்டபோது திருப்பித் தர முடியவில்லை. கடை வாசலில் கூட்டம் கூடியது, வழக்குகள் குவிந்தன. 1023-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அரசு வகுத்த விதிகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியானவை. ஒரு வெளியீட்டுக்கு உச்சவரம்பு 12,56,340 சரம் (ஒரு சரம் என்பது பெயரளவில் 1,000 காசு). அதற்கு இருப்பாக 3,60,000 சரம் இரும்புக் காசு, அதாவது 28 சதவீதத்துக்குச் சற்று மேல். நோட்டுக்குக் காலவரையும் உண்டு: தவணை முடிந்ததும் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும். இதனால் கந்தல் நோட்டும் கள்ள நோட்டும் சந்தையில் தங்கவில்லை. இந்த வரம்பு பல பத்தாண்டுகள் தாங்கியது. பிறகு மேற்கு எல்லையில் போர். செலவுக்கு அச்சகத்தை நாடினார்கள். 1107 வாக்கில் புழக்கம் பழைய வரம்பைப்போல் 20 மடங்கைத் தாண்டிவிட்டது, இருப்பும் இல்லை. நான்கு பழைய நோட்டுக்கு ஒரு புதிய நோட்டு என்றார்கள்.

மங்கோலியரின் யுவான் வம்ச ஆட்சி 1260-இல் வெள்ளி இருப்போடு தொடங்கியது. 1287-இல் புதிய நோட்டு ஒன்றுக்குப் பழைய ஐந்து. 1350-இல் மறுபடி புது வெளியீடு, அடுத்த ஆண்டே செந்தலைப்பாகைக் கிளர்ச்சி.

மிங் ஆட்சி 1375-இல் வெளியிட்ட நோட்டு மூன்றிலும் மோசம். ஏறத்தாழ ஒரு சாணுக்கும் மேல் நீளமான தாள். கள்ள நோட்டு அடிப்பவருக்குத் தலை போகும், காட்டிக்கொடுப்பவருக்கு 250 லியாங் வெகுமதி என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் இருப்பு கிடையாது, காலவரை கிடையாது, வெள்ளியாக மாற்றித் தரும் உறுதியும் கிடையாது. அரசு சம்பளமாகக் கொடுத்துக்கொண்டே போனது. வரியாகத் திரும்ப வாங்கியதோ கொஞ்சம்தான். ஒரு லியாங் வெள்ளிக்குச் சமம் என்று வெளியிட்ட நோட்டு, அடுத்த நூற்றாண்டில் ஒரு சில காசுக்கு இறங்கியது. மக்கள் தடையையும் மீறி வெள்ளிக்குப் போனார்கள். 1436-இல் அரசே தென் மாகாணங்களின் 40 லட்சம் ஷி (தானிய அளவை) தானிய வரியை 10 லட்சம் லியாங் வெள்ளியாக மாற்றிக்கொண்டது. 1581-இல் தலைமை அமைச்சர் சாங் ஜூஜெங் பலவகை வரிகளையும் கட்டாய உழைப்பையும் ஒரே வெள்ளி வரியாக நாடெங்கும் சுருட்டினார். அதற்குள் மணிலா வழியாக அமெரிக்கச் சுரங்க வெள்ளியும் ஜப்பானிய வெள்ளியும் வரத் தொடங்கியிருந்தன.

வெள்ளி வந்ததில் ஒரு நன்மை, அரசனால் அதை அச்சடிக்க முடியாது. கெடுதல், நாட்டின் பணம் கடலுக்கு அப்பால் இருந்து வர வேண்டியதாயிற்று. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 1830களின் துன்பத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

கேள்வி: சிங் காலத்து மாவட்ட அதிகாரிகள் எல்லாருமே லஞ்சம் வாங்கினார்கள் என்கிறார்களே, இது மிகையில்லையா?

தனி மனிதர்களின் குணத்தை விட்டுவிட்டு வரவு செலவைப் பாருங்கள். மாவட்டத்தை ஆண்ட அதிகாரியான மாவட்ட நீதிபதியின் ஆண்டுச் சம்பளம் 45 லியாங். எழுத்தர், ஆலோசகர், காவலர், வந்துபோகும் மேலதிகாரிக்கு உபசாரம் எல்லாம் அவர் பொறுப்பு. மாவட்டம் வசூலிக்கும் நிலவரியில் பெரும்பகுதி மேலே போய்விடும். 45 லியாங்கில் அலுவலகம் நடத்த எவராலும் முடியாது.

வழி என்ன? மக்கள் துண்டு துண்டாகக் கொண்டுவரும் வெள்ளியை உருக்கிக் கட்டியாக வார்த்துதான் மேலே அனுப்ப வேண்டும். உருக்கும்போது கொஞ்சம் குறையும். அந்தச் சேதாரத்துக்கு என்று ஒரு கூடுதல் வசூல். உண்மையில் குறைவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. வசூலித்தது பல இடங்களில் 20, 30, அதற்கும் மேல். மிச்சத்தில்தான் மாவட்ட நிர்வாகம் ஓடியது. அதில் எவ்வளவு நிர்வாகச் செலவு, எவ்வளவு கொள்ளை என்று யாருக்கும் தெரியாது.

1712-இல் காங்சி பேரரசர் தலைவரிக் கணக்கை அன்றிருந்த அளவிலேயே உறைய வைத்து, இனி பிறப்போருக்குக் கூடுதல் வரி இல்லை என்றார். அடுத்து வந்த யோங்செங் 1720களில் மூன்று காரியம் செய்தார். தலைவரியை நிலவரியோடு சேர்த்தார். சேதாரக் கூடுதலை வெளிப்படையாக்கி, விகிதம் நிர்ணயித்து, மாகாணக் கருவூலத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பணத்திலிருந்து அதிகாரிகளுக்கு ‘நேர்மை காக்கும் பணம்’ கொடுத்தார். 45 லியாங் நீதிபதிக்கு மாவட்டத்தைப் பொறுத்து சில நூறு முதல் 2,000 லியாங் வரை கிடைத்தது. முன்நவீன உலகில் இத்தனை தெளிவான நிர்வாகச் சீர்திருத்தங்கள் அரிது.

ஏன் நிலைக்கவில்லை? தொகை நிலையானது, நாடு வளர்ந்தது. 1850 வாக்கில் மக்கள்தொகை 40 கோடியைத் தாண்டியது, விலைகள் ஏறின, மாவட்டங்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. சேதாரக் கூடுதலுக்கு மேலே புதிய கூடுதல்கள் முளைத்தன. 1796-இல் தொடங்கிய வெண்தாமரைக் கிளர்ச்சியை அடக்க 10 கோடி லியாங்குக்கு மேல் செலவாகி, நிறைந்திருந்த கருவூலம் காலியானது. சிங் அரசு மக்களைப் பிழிந்து கொழுத்த அரசு என்ற படம் எனக்கு ஏற்புடையதில்லை. சட்டப்படி அது வசூலித்தது மிகக் குறைவு. குறைவாக வசூலித்ததால்தான் கீழே இருந்தவர்கள் கணக்கில்லாமல் வசூலித்தார்கள்.

கேள்வி: ஷான்சி வங்கிகள் தந்தி இல்லாத காலத்திலேயே ஆயிரம் மைலுக்கு உண்டியல் (பணம் பெறும் சீட்டு) அனுப்பினவாம். போலிச் சீட்டு வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

பிங்யாவ் ஊரில் 1823 வாக்கில் தொடங்கிய ரிஷெங்சாங் இவற்றில் முதலாவது. சாயச் சரக்கு வியாபாரியாக இருந்து, கிளைகளுக்கு இடையே வெள்ளி சுமப்பதைத் தவிர்க்கச் சீட்டு எழுதி, அதையே தொழிலாக்கிக்கொண்டது.

பாதுகாப்பு நான்கு அடுக்கு. தாளில் நீர்க்குறி. சீட்டு எழுதும் கணக்கர் ஒருவரே. அவர் கையெழுத்து மாதிரி எல்லாக் கிளைகளுக்கும் போயிருக்கும். முத்திரைகள். நான்காவதுதான் முக்கியம்: மாதம், நாள், தொகை மூன்றையும் எண்ணில் எழுதாமல் சங்கேத எழுத்தில் எழுதுவது. 12 மாதத்துக்கு 12 எழுத்து கொண்ட ஒரு வாசகம்: ‘போலிச் சீட்டில் பணம் எடுப்பதைக் கவனி, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே’ என்பது அதன் பொருள். மூன்றாம் மாதம் என்றால் மூன்றாவது எழுத்து. நாளுக்கு 30 எழுத்து, 1 முதல் 10 வரை எண்ணுக்கு 10 எழுத்து கொண்ட இன்னொரு வரி. இந்த வாசகங்களை அவ்வப்போது மாற்றுவார்கள். சீட்டைத் திருடியவர் தொகையைத் திருத்த நினைத்தாலும் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியாது.

ஊழியரைக் கட்டிப்போட்டது வேறோர் ஏற்பாடு. பணம் போட்டவருக்கு வெள்ளிப் பங்கு. பணம் போடாமல் உழைத்தவருக்கு உடல் பங்கு. கணக்கு முடிக்கும் ஆண்டில் இருவருக்கும் லாபம் உண்டு. நட்டம் முதலாளிக்கு மட்டும்.

வீழ்ந்ததற்குக் காரணம், மாகாண வரிப் பணத்தைப் பெய்ஜிங்குக்கு அனுப்பும் வேலை பெரிய வாடிக்கையாகிவிட்டது. 1911-இல் அரசு கவிழ்ந்ததும் வைப்பு வைத்தவர்கள் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். கடன் வாங்கியவர்கள் காணாமல் போனார்கள். இந்த வங்கிகள் அடமானம் இல்லாமல் நம்பிக்கையின் பேரில் கடன் கொடுத்திருந்தன, நட்டத்துக்கோ முதலாளியின் சொந்தச் சொத்தும் வரம்பில்லாமல் பொறுப்பு. நவீன வங்கியாக மாறும் யோசனை முன்பே வந்தும் முதலாளிகள் ஏற்கவில்லை. ரிஷெங்சாங் 1914-இல் திவாலானது.

கேள்வி: சீனாவின் சுங்கத் துறையை ஓர் அயர்லாந்துக்காரர் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நடத்தினார் என்பது உண்மையா? எந்த அரசு இதற்குச் சம்மதிக்கும்?

உண்மை. ராபர்ட் ஹார்ட், 1863 முதல் 1911 வரை தலைமை ஆய்வாளர். 1853-இல் ஷாங்ஹாயைக் கலகக்காரர்கள் பிடித்தபோது சுங்க வசூல் நின்றுபோய், 1854-இல் தற்காலிக ஏற்பாடாக வெளிநாட்டு ஆய்வாளர்களை வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது. தைப்பிங் கிளர்ச்சியோடு போராடிக்கொண்டிருந்த சிங் அரசுக்கு, கசியாமல் வரும் வருவாய் தேவைப்பட்டது. ஹார்ட் 1864 சுற்றறிக்கையில் தன் ஆட்களுக்கு, நீங்கள் சீன அரசின் ஊழியர்கள் என்று தெளிவாகச் சொன்னார். கலங்கரை விளக்கம், துறைமுகப் புள்ளிவிவரம், 1896-இல் அஞ்சல் துறை எல்லாம் இங்கிருந்து வந்தவை. வசூல் 1887-இல் சுமார் 2 கோடி, 1902-இல் 3 கோடி சுங்க லியாங்.

கையைக் கட்டியது வரி விகிதம். ஒப்பந்தங்களால் இறக்குமதி வரி 5 சதவீதத்தில் நின்றது. அதுவும் 1858 விலையில் கணக்கிட்ட நிலையான தொகைகள். விலை ஏறியும் 1902 வரை தொகை மாறவில்லை. கூடவே இன்னொன்று: வெளிநாட்டுச் சரக்கு மேலும் 2.5 சதவீதம் கட்டிச் சீட்டு வாங்கினால் உள்நாட்டுச் சாவடிகள் எதிலும் நிற்க வேண்டாம். சீன வியாபாரியோ 1853-இல் போர்ச் செலவுக்கென்று வந்த லிஜின் வரியைச் சாவடிக்குச் சாவடி கட்டினார். அதனால் சீனச் சரக்குகளே வெளிநாட்டார் பெயரில் பயணம் செய்தன.

ஹார்ட் காலத்தில் அவர் துறை வரியை மதிப்பிட்டது மட்டுமே; பணம் சீன அதிகாரியின் கையில் போனது. 1911 புரட்சிக் குழப்பத்தில்தான் அடுத்த தலைமை ஆய்வாளர் பிரான்சிஸ் ஆக்லன் பணத்தையே தன் பொறுப்பில் எடுத்து வெளிநாட்டு வங்கிகளில் போட்டார். முதலில் கடனும் இழப்பீடும். மிஞ்சினால், வல்லரசுகள் அங்கீகரித்த பெய்ஜிங் அரசுக்கு. தனிப்படை வைத்து மாகாணங்களை ஆண்ட போர்ப்பிரபுக்கள் பெய்ஜிங்குக்காக ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்த மிச்சப் பணம் ஒரு முக்கிய விடை. 1923-இல், தெற்கே குவாங்சோவில் தனி அரசு நடத்திய சன் யாட்-சென் குவாங்சோவின் பங்கைக் கேட்டபோது வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் அங்கே வந்து நின்றன.

கேள்வி: போரில் தோற்று இழப்பீடு கட்டியதுதான் சீனாவை ஏழையாக்கியதா?

ஏழ்மைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அரசு செயலிழந்ததற்கு அது நேரடிக் காரணம். அபின் போருக்குப் பின் 1842-இல் பிரிட்டனுக்கு 2.1 கோடி வெள்ளி டாலர்; அது தாங்கக்கூடியது. 1895-இல் ஜப்பானுக்கு 20 கோடி லியாங், லியாவ்தோங் தீபகற்பத்தை மீட்க மேலும் 3 கோடி. அரசின் ஆண்டு வருவாய் 8 முதல் 9 கோடி. மூன்று பெரிய வெளிநாட்டுக் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஈடு சுங்க வருவாய், மூன்றாவது கடனுக்கு அதுவும் போதாமல் லிஜின், உப்பு வரியில் ஒரு பகுதி. ஜப்பான் அந்தப் பணத்தின் துணையோடு 1897-இல் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட பணத்துக்கு மாறியது.

1901-இல், வெளிநாட்டாரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சிக்கான இழப்பீடு 45 கோடி லியாங். 39 ஆண்டுத் தவணை, 4 சதவீத வட்டி, வட்டியோடு சேர்த்து 98 கோடிக்கு மேல். தொகை வெள்ளியில் சொல்லப்பட்டாலும் கட்ட வேண்டியது தங்க மதிப்பில். வெள்ளி விலை விழ விழச் சுமை தானாக ஏறியது.

கேள்வி: ஒரு ரயில் திட்டத்தால் 268 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது என்பது நம்பும்படி இல்லை. விளக்க முடியுமா?

ரயிலைவிட, ரயிலுக்காக வசூலித்த பணம்தான் ஆட்சியைக் கவிழ்த்தது. சிச்சுவானிலிருந்து ஹான்கோவுக்குப் பாதை போட உள்ளூர் நிறுவனம் தொடங்கினார்கள். பங்கு விற்றுப் போதிய பணம் வராததால், ஆண்டுக்கு 10 ஷி-க்கு மேல் குத்தகை பெறும் நிலக்காரர்களிடம் 3 சதவீதம் கட்டாயமாகப் பிடித்து, அதற்குப் பங்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆக, மாகாணம் முழுவதும் சின்ன நிலக்காரர்கூடப் பங்குதாரர் ஆனார். பாதை வேலை நகரவில்லை. பணம் ஷாங்ஹாயின் வட்டிக் கடைகளில் போடப்பட்டது. 1910-இல் அங்கே ரப்பர் பங்கு விலை சரிந்தபோது சுமார் 30 லட்சம் லியாங் தொலைந்தது.

1911 மே 9-இல் அரசு பிரதான ரயில் பாதைகளைத் தேசியமயமாக்கியது. அமைச்சர் ஷெங் சுவான்ஹுவாய். அதே மாதம் நான்கு நாட்டு வங்கிகளோடு 60 லட்சம் பவுண்டு கடன் ஒப்பந்தம். தேசியமயமாக்கல் பொருளாதாரப்படி தவறான முடிவு இல்லை. மாகாண நிறுவனங்களால் பாதை போட முடியவில்லை என்பது அப்பட்டம். கெடுத்தது ஈட்டுத் தொகை. ஹூனான், ஹூபே வணிகப் பங்குகளுக்கு முழு முதல் திரும்பும் என்றார்கள். சிச்சுவானுக்கு மட்டும், தொலைந்த 30 லட்சத்துக்கு அரசு பொறுப்பில்லை என்றார்கள். கட்டாயமாக வாங்கிய பணம், அதை அதிகாரிகளின் ஆசி பெற்றவர்கள் தொலைத்தார்கள், நட்டம் மட்டும் மக்களுக்கு.

கடையடைப்பு, வரி மறுப்பு. செப்டம்பர் 7-இல் மாகாணத் தலைவர் சாவ் எர்ஃபெங் தலைவர்களைக் கைது செய்து, முறையிட வந்த கூட்டத்தின் மேல் சுட வைத்தார். கலவரத்தை அடக்க ஹூபேயிலிருந்து துருப்புகள் மேற்கே அனுப்பப்பட்டன. இதனால் காவல் மெலிந்த ஹூபே தலைநகர் வூச்சாங்கில் அக்டோபர் 10-இல் படைவீரர்கள் எழுந்தார்கள். 1912 பிப்ரவரி 12-இல் பேரரசர் பதவி துறந்தார்.

கேள்வி: 1927–1937 சியாங் கை-ஷேக் தலைமையிலான தேசியவாதிகளின் பொற்காலம் என்கிறார்கள். பிறகு எப்படிப் பணம் குப்பையானது?

நிர்வாகத்தில் நல்ல வேலை நடந்தது என்பதை மறுக்க முடியாது. 1929 பிப்ரவரியில் சுங்க விகிதத்தைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை திரும்பியது. 1931 ஜனவரி 1-இல் லிஜின் ஒழிந்தது. 1933 ஏப்ரலில் லியாங் ஒழிந்து, 0.715 ஷாங்ஹாய் லியாங்குக்கு ஒரு யுவான் என்று ஒரே நாணயம் வந்தது. நான் முதலில் விவரித்த கணக்கெல்லாம் அத்தோடு முடிந்தது.

ஆனால் அடித்தளத்தில் பெரிய ஓட்டை. 1928-இல் நிலவரியை மாகாணங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மத்திய அரசு சுங்கம், உப்பு, ஆலைச் சரக்கு வரி ஆகியவற்றில், அதாவது கடற்கரை நகரங்களில் மட்டும் வாழ்ந்தது.

வெள்ளியும் ஒருமுறை கடைசியாகக் கழுத்தை நெரித்தது. 1934 ஜூனில் அமெரிக்கா வெள்ளி கொள்முதல் சட்டம் போட்டு உலக விலையை ஏற்றியது. வெள்ளியே பணமாக இருந்த நாட்டில் பணம் சரக்காகி வெளியேறியது. விலைகள் விழுந்தன, ஆலைகளும் கடைகளும் மூடின. அக்டோபர் 15-இல் வெள்ளிக்கு ஏற்றுமதி வரி போட்டார்கள், கடத்தல் பெருகியது. 1935 நவம்பர் 4-இல் வெள்ளியை முழுவதுமாகக் கைவிட்டு, அரசு வங்கிகளின் நோட்டு மட்டுமே செல்லும் என்றார்கள். அதுதான் ஃபாபி. ஒரு யுவான் பதினான்கரை பிரிட்டிஷ் பென்ஸ். அந்த நேரத்தில் அது சரியான முடிவு, வேலையும் செய்தது.

1937-இல் ஜப்பான் கடற்கரையைப் பிடித்ததும் மூன்று வருவாயும் போயின. மிஞ்சியது அச்சகம். 1937 நடுவில் புழக்கத்தில் 141 கோடி யுவான். 1948 ஆகஸ்டில் 600 லட்சம் கோடிக்கு மேல்.

அப்போது வந்ததுதான் தங்க யுவான். 1948 ஆகஸ்ட் 19: 30 லட்சம் ஃபாபிக்கு ஒரு தங்க யுவான், 4 தங்க யுவானுக்கு ஓர் அமெரிக்க டாலர். மக்கள் கையிலிருக்கும் தங்கம், வெள்ளி, வெளிநாட்டுப் பணம் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு லியாங் தங்கத்துக்கு 200, வெள்ளி நாணயத்துக்கு 2. எல்லா விலையும் அன்றைய அளவிலேயே நிற்க வேண்டும். வெளியீட்டு உச்சவரம்பு 200 கோடி.

இந்த 200 கோடியில்தான் குற்றம் இருக்கிறது. புழக்கத்திலிருந்த ஃபாபி முழுவதையும் மாற்ற 22 கோடி தங்க யுவானே போதும். ஆகவே உச்சவரம்பு என்ற பெயரில், பணத்தை ஒன்பது மடங்காக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். உள்நாட்டுப் போருக்கான பற்றாக்குறை அப்படியே இருக்க, நோட்டின் பெயர் மட்டும் மாறியது. நடுத்தர மக்கள் சட்டத்துக்குப் பயந்து நகையையும் காசையும் கொடுத்தார்கள். 15 கோடி டாலருக்கு மேல் பெறுமானம் வந்து சேர்ந்தது. ஷாங்ஹாயில் சியாங் கை-ஷேக்கின் மகன் சியாங் சிங்-குவோ விலைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக அமல்படுத்திப் பதுக்கல்காரர்களைக் கைது செய்தார். அரிசி கிராமத்திலேயே தங்கிவிட்டது, ஏனென்றால் நகரத்து விலை கட்டுப்படியாகவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் புகையிலை வரி ஏறியதும் மக்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினார்கள், கடைகள் காலியாயின. நவம்பர் தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடும், 11-ஆம் தேதி வெளியீட்டு வரம்பும் போயின. டாலருக்கு 4 என்பது 20 ஆனது. டிசம்பர் 23-இல் தங்கம் மாற்ற ஷாங்ஹாய் வங்கி வாசலில் திரண்ட கூட்டத்தில் நசுங்கி 7 பேர் இறந்தார்கள். 1949-இல் 5 லட்சம் தங்க யுவான் நோட்டு வெளிவந்தது.

நகையைக் கொடுத்து நோட்டு வாங்கியவர்கள் இந்த அரசை அதுவரை ஆதரித்த நகரத்து ஆசிரியர்கள், எழுத்தர்கள், சிறு வியாபாரிகள். கம்யூனிஸ்ட் படை நகரங்களுக்குள் வந்தபோது அரசுக்காக நிற்க அவர்களில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

கேள்வி: சீனக் குடியரசின் தொடக்க கால அதிபர் யுவான் ஷிகாயின் தலை பொறித்த வெள்ளி நாணயம் ஒன்று பரம்பரையாக இருக்கிறது. அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

போலிகளில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட முடியும். அசல் எடை 26.6 முதல் 26.9 கிராம், குறுக்களவு 39 மில்லிமீட்டர், வெள்ளி சுமார் 89 சதவீதம், மீதி பெரும்பாலும் செம்பு. தலைக்கு மேலுள்ள எழுத்துகளை எண்ணுங்கள்: குடியரசின் 3-ஆம் ஆண்டு (1914) நாணயத்தில் 6 எழுத்து, 8, 9, 10-ஆம் ஆண்டு நாணயங்களில் 7. மூன்றாம் ஆண்டு என்று சொல்லி 7 எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அசல் என்றால் தராசு 2.6 கிராம் அளவு காட்டும். 3 கிராமை ஒட்டினால் அது பித்தளை அல்லது செம்பு–நிக்கல். நாணயத்தில் ஒட்டிய காற்றுக் குமிழ் அளவைக் கூட்டிக் காட்டும்; முதலில் நனைத்து, குமிழை உதறிவிட்டுச் செய்யுங்கள். நாணயத்தின் மேல் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் இருந்தால் கவலை வேண்டாம், அவை கைமாறிய காலத்தில் சோதித்தவர்கள் வைத்த அடையாளமாக இருக்கலாம். வெள்ளி பாலிஷ் மட்டும் போடாதீர்கள். மேல்பரப்பு போனால் நாணயம் சேகரிப்பவர் கொடுக்கும் விலை சரிபாதிக்கும் கீழே போய்விடும்.